விவரம் என்ற கட்டம்: இரத்த அழுத்தத்துக்கு மருந்து எழுதும் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். நான் கணக்கு எழுதிப் பிழைத்தவன். முப்பது வருடத்துக்கு மேல் அதே வேலை. பேரேட்டில் ஒவ்வொரு வரிக்கும் தேதி இருக்கும், தொகை இருக்கும், நடுவே 'விவரம்' என்று ஒரு கட்டம் இருக்கும். தொகையைத் தப்பாகப் போட்டால்கூடத் தேடிக் கண்டுபிடித்துவிடலாம். விவரத்தைக் காலியாக விட்டால் ஆறு மாதம் கழித்து எழுதியவனுக்கே அது என்னவென்று தெரியாது. புதிதாகச் சேருகிற பிள்ளைகளிடம் நான் கத்தியதெல்லாம் பெரும்பாலும் இந்த ஒரு கட்டத்துக்காகத்தான்.

அப்படிப்பட்டவன், என் சொந்த மருந்துச் சீட்டை 11 வருடமாக அந்தக் கட்டமே இல்லாமல் வாங்கி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன்.

எனக்கு இப்போது 63 வயது. பிரஷர் இருப்பது தெரிந்தது 49இல். ஒரு மாத்திரையில் ஆரம்பித்தது. ஒரு சமயம் ஆறு வரை போனது. இப்போது மூன்று மருந்து, இரண்டு மாத்திரை. நடுவில் என்ன ஆனது என்பதைச் சொல்லத்தான் இந்த மடல். எந்த டாக்டர், எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப் போவதில்லை. அவர்களில் ஒருவர்கூட அலட்சியக்காரர் இல்லை. எனக்கு இன்னும் உறுத்துவது அதுதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'மாத்திரையைக் குறை' என்கிற கட்சியில் நான் இல்லை. அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரலில் மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு இறந்தார். அதற்கு முன்பே அவர் அழுத்தம் எகிறிக்கொண்டிருந்தது மருத்துவருக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்வது? ஒழுங்காகக் குறைக்கிற மாத்திரை அன்றைக்கு யாரிடமும் இல்லை. அப்படிப்பட்ட முதல் மாத்திரைகளில் ஒன்றான குளோரோதயசைடு கடைக்கு வந்ததே 1958இல். இன்று எனக்குக் கிடைப்பதில் பாதிகூட அவருக்குக் கிடைக்கவில்லை. ஒரு மருந்தின் அளவை இரட்டிப்பதைவிட வேறு வகை மருந்து ஒன்றைச் சேர்த்தால் ஏறக்குறைய ஐந்து மடங்கு கூடுதலாக அழுத்தம் இறங்குகிறது என்று 42 ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்து 2009இல் எழுதினார்கள். ஆகவே இரண்டாவது மாத்திரை எழுதியதும் "நோய் முற்றிவிட்டதா டாக்டர்?" என்று நாங்கள் முகம் வாடுவதில் அர்த்தமில்லை. ஒன்றை முழு அளவில் கொடுத்துப் பக்கவிளைவில் மாட்டிக்கொள்வதைவிட, இரண்டைக் குறைந்த அளவில் கொடுப்பது பல நேரம் புத்திசாலித்தனம். இதை நீங்கள் எங்களிடம் சொல்லலாம். சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது.

என் கதைக்கு வருகிறேன்.

முதலில் அம்லோடிபின் 5 மில்லிகிராம். இரண்டு வருடம் கழித்துக் கூடவே டெல்மிசார்டன் 40. ஓரளவு கட்டுப்பட்டது. அப்புறம் மெல்ல ஏறியது. அம்லோடிபினை 10 ஆக்கினார்கள். ஒரு மாதத்தில் கணுக்கால் வீங்கியது. சாயங்காலம் காலுறையைக் கழற்றினால் அதன் விளிம்பு கயிறு கட்டியதுபோலப் பதிந்திருக்கும். விரலால் அழுத்தினால் குழி விழும்.

வழக்கமாகப் பார்ப்பவர் அன்று விடுப்பு. பதிலுக்கு இருந்தவர் காலைப் பார்த்தார், நீர் பிரிகிற மாத்திரை ஒன்று எழுதினார். ஹைட்ரோகுளோரோதயசைடு. நியாயமான யோசனைதானே, கால் வீங்கியிருக்கிறது, நீரை வெளியே அனுப்பு. அதோடு அதுவும் பிரஷர் மாத்திரைதான். ஆனால் அம்லோடிபினால் வருகிற வீக்கம் வேறு சாதி என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அது தமனிகளை நன்றாக விரிக்கிறது. சிரைகள் அதே அளவுக்கு விரிவதில்லை. உள்ளே வரும் குழாயைத் திறந்துவிட்டு வெளியேறும் குழாயை அப்படியே விட்டால் என்ன ஆகும்? நடுவில் இருக்கும் நுண்குழாய்களில் அழுத்தம் கூடி, நீர் கசிந்து கணுக்காலில் தங்குகிறது. உடம்பில் நீர் மிஞ்சி வருகிற வீக்கம் அல்ல அது. நீர் மாத்திரைக்குப் பெரிதாக மசியாது. என் காலும் மசியவில்லை.

வேறொன்று நடந்தது. நாலு மாதம் கழித்து ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு வலது கால் பெருவிரலில் நெருப்பு வைத்ததுபோல ஒரு வலி. போர்வை பட்டால்கூட உயிர் போயிற்று. கௌட் என்றார்கள், யூரிக் அமிலம் மிஞ்சி மூட்டில் படிவதால் வருகிற வலி. நீர் மாத்திரை யூரிக் அமிலத்தை ஏற்றும் என்பது உங்களில் எல்லோருக்கும் பாடம். ஆனால் விரலுக்கு வைத்தியம் பார்த்தவர் எலும்பு மூட்டு டாக்டர். என் பிரஷர் சீட்டை அவர் கேட்கவில்லை, நானும் நீட்டவில்லை. டைக்ளோபெனாக் எழுதினார். வலி ஓடிப்போயிற்று. அந்த சுகத்தில், தீர்ந்ததும் நானே கடையில் வாங்கிப் போட ஆரம்பித்தேன். இரண்டு நாளைக்கு ஒன்று, சில நாள் தினமும்.

138இல் இருந்த மேல் அழுத்தம் 162க்குப் போயிற்று. அந்த வகை வலி மாத்திரைகள் உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும், பிரஷர் மாத்திரைகளின் வேகத்தையும் மட்டுப்படுத்தும். எனக்கு அது தெரியாது. பிரஷர் பார்த்தவருக்கோ நான் வலி மாத்திரை போடுவது தெரியாது. அவர் டெல்மிசார்டனை 80 ஆக்கி, மெட்டோப்ரோலால் என்று புதிதாக ஒன்றும் சேர்த்தார். 80ஐ வேறு கம்பெனிப் பெயரில் எழுதியிருந்தார். பழைய 40ஐ நிறுத்தச் சொல்லி ஒரு வரி இல்லை. பெயர் வேறு, அட்டையின் நிறம் வேறு, மாத்திரையின் உருவம் வேறு. நான் அதைப் புது மருந்து என்று நினைத்து இரண்டையும் போட்டேன். உள்ளே இருக்கும் மருந்தின் பெயர், அட்டையின் பளபளப்பில் கொசு கால் அளவுக்கு எழுதியிருந்தது.

ஆறு.

இத்தோடு சேர்த்து நான் ஒரு பொய்யும் சொல்லி வந்தேன். நீர் மாத்திரை போட்டால் மூன்று மணி நேரத்துக்குக் கழிவறையை விட்டு நகர முடியாது. வெளியே போகிற நாளில் அதை விட்டுவிடுவேன். வாரத்தில் மூன்று நாள், நாலு நாள். "மாத்திரை எல்லாம் ஒழுங்கா போடுறீங்களா?" என்று நீங்கள் கேட்பீர்கள், கண் கம்ப்யூட்டரில் இருக்கும். "போடுறேன் டாக்டர்." வேறு பதிலுக்கு அந்தக் கேள்வியில் இடம் எங்கே இருக்கிறது? பள்ளிக்கூடத்தில் வாத்தியார் "வீட்டுப்பாடம் முடிச்சாச்சா" என்று கேட்கிற அதே தொனி. அது போதாதென்று, உங்களைப் பார்க்க வருவதற்கு முந்தின நாலு நாள் எல்லா மாத்திரையையும் வரிசை தவறாமல் போட்டுவிட்டு வருவேன். பரீட்சைக்கு முந்தின நாள் படிப்பதுபோல.

இதில் நான் தனி ஆள் இல்லை. பிரிட்டனில் ஒரு சிறப்புச் சிகிச்சை மையத்துக்கு வந்த பிரஷர் நோயாளிகளின் சிறுநீரில் மருந்து இருக்கிறதா என்று சோதித்து 2014இல் வெளியிட்டார்கள். நான்கில் ஒருவர் சிலதையோ எல்லாவற்றையுமோ போடவில்லை. மருந்து கேட்காத அழுத்தம் என்று ஒருவரைப் பற்றி நீங்கள் முடிவுகட்டும்போது, அந்த மருந்து வயிற்றுக்குள் போனதா என்பதே சிலரிடம் விடை தெரியாத கேள்வி.

அப்படி ஒரு பரீட்சைக்கு முந்தின நாள்தான், ஆறையும் ஒழுங்காகப் போட்டுவிட்டு, விடியற்காலையில் சிறுநீர் கழிக்க எழுந்தவன் கதவுப் பிடியை எட்டுவதற்குள் விழுந்தேன். புருவத்தில் நாலு தையல். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரகம் சுணங்கினால் ஏறுகிற கிரியேட்டினின் என்ற அளவு, முன்பு 1 இருந்தது, 1.7 ஆகியிருந்தது. டெல்மிசார்டன், நீர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அதன் பிறகு நான் போய்ச் சேர்ந்தது, என் மகள் வயதில் இருந்த ஒரு பெண் டாக்டரிடம். சீட்டைக் கேட்கவில்லை அவர். "வீட்ல இருக்கிற எல்லா மாத்திரையையும் பையோட கொண்டு வாங்க, பிரஷர் மாத்திரை மட்டுமில்ல, எல்லாம்" என்றார். கொண்டுபோனேன். மேசையில் கொட்டினார். ஒவ்வோர் அட்டையாக எடுத்து, "இது எதுக்கு?" என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

"இதுல எது முதல்ல வந்தது?"

என் நோட்டில் தேதி இருந்தது. ஒவ்வொன்றும் ஆரம்பித்த நாள், பக்கத்தில் அன்றைய பிரஷர். அவர் அட்டைகளைத் தேதிவாரியாக ஒரு வரிசையில் அடுக்கினார். அம்லோடிபின் 10. அதற்கு அடுத்து வீக்கம், என் நோட்டிலேயே இருந்தது. நீர் மாத்திரை. பெருவிரல். டைக்ளோபெனாக். 162. மெட்டோப்ரோலால். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அம்புக்குறி போட்டுக்கொண்டே போனார். டெல்மிசார்டன் அட்டைகள் இரண்டையும் திருப்பிப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து என்னையே படிக்கச் சொன்னார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். ஒரே பெயர்.

முப்பது வருடம் மற்றவர்கள் கணக்கில் இரட்டைப் பதிவைத் தேடிப் பிடித்தவன் நான். என் வாயில் மூன்று மாதம் இரட்டைப் பதிவு விழுந்திருக்கிறது.

ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோய் என்று எண்ணி அதற்கு இன்னொரு மருந்து, அதன் விளைவுக்கு வேறொன்று என்று நீளும் இந்தச் சங்கிலியைப் பவுலா ரோச்சன், ஜெர்ரி கர்விட்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் 1997இலேயே விவரித்துப் பெயரும் வைத்திருக்கிறார்கள் என்று பிற்பாடு படித்தேன். உங்கள் துறைக்குப் பழைய செய்தி. என் சீட்டுகளில் அது ஏன் யார் கண்ணிலும் படவில்லை? ஒவ்வொருவரும் சங்கிலியின் ஒரு கண்ணியைத்தான் பார்த்தார்கள். முந்தைய கண்ணி எதற்கு வந்தது என்று எழுதி வைக்க இடம் இல்லை. விவரம் என்ற கட்டம் இல்லை.

அந்தப் பெண் கேட்ட இன்னொரு கேள்வியையும் சொல்ல வேண்டும். பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "இத்தனை மாத்திரையை யாராலயும் விடாம போட முடியாது. உங்களுக்கு வாரத்துல எத்தனை நாள், எந்த மாத்திரை விட்டுப்போகும்?" விட்டுப்போகும் என்பதை அவரே முன்கூட்டி மன்னித்துவிட்டார். எனக்குச் சொல்வதைத் தவிர வழியில்லை. நீர் மாத்திரையையும், பரீட்சைக்கு முந்தின நாலு நாளையும் சொன்னேன். சிரித்தார். அதற்கு முன் 11 வருடத்தில் ஒரு டாக்டரிடம் நான் சொன்ன முதல் உண்மையான கணக்கு அது.

பிறகு பிரஷர் பார்த்தார். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காரச் சொல்லி, கால் தரையில் பட, கை இதயத்தின் உயரத்தில் மேசைமேல், சட்டைக் கையை முழுதும் விலக்கி. நான் ஏதோ பேச வாயெடுத்தபோது விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். 128. எழுந்து நிற்கச் சொல்லி ஒரு நிமிடத்தில் மறுபடி. 102. ஆறு மாத்திரை போட்ட காலம் முழுவதும் என்னை நிற்க வைத்து யாரும் பார்த்ததில்லை. அதற்கு முன் நடந்ததெல்லாம் எப்படி? மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்தவன் கையில், சட்டைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, "சாப்பாடு எல்லாம் எப்படி, உப்பு குறைச்சீங்களா" என்று பேச்சுக் கொடுத்தபடியே ஒரு எண். அந்த ஓர் எண்ணை வைத்துத்தான் இரண்டு மாத்திரை கூடியது. வீட்டில் காலையும் மாலையும் நான் எழுதி வைத்த நோட்டு என் மடியில் இருந்தது. திறக்க யாருக்கும் தோன்றவில்லை.

வலி மாத்திரை அன்றே நின்றது. டெல்மிசார்டன் இரண்டும் போயின. சிறுநீரகம் தேறியபின் அதே குடும்பத்து லோசார்டன் வந்தது. அந்தக் குடும்பத்தில் யூரிக் அமிலத்தைக் கொஞ்சம் குறைக்கிற குணம் அதற்கு உண்டாம். அம்லோடிபின் 5க்கு இறங்கியது. கணுக்கால் மூன்று வாரத்தில் வற்றியது. நீர் மாத்திரை நின்றது. மெட்டோப்ரோலாலை மட்டும் சட்டென்று நிறுத்தவில்லை, படிப்படியாகக் குறைத்தார். இந்த மடலைப் படிக்கிற என்னைப் போன்ற நோயாளிகளுக்கு இந்த இடத்தில் ஒரு வார்த்தை: தயவுசெய்து நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். அந்த வகை மாத்திரையைத் திடீரென்று விட்டால் இதயம் எகிறி அடிக்கும், நெஞ்சுவலிகூட வரலாம். என் கதை, நிறுத்தச் சொல்வதற்கு எழுதியதல்ல.

கொஞ்ச நாளில் அழுத்தம் மறுபடி 146, 148 என்று நின்றது. இந்தத் தடவை என் நோட்டைத் திறந்து ஏழு நாள் சராசரி போட்டுப் பார்த்துவிட்டு, "இன்னொரு மருந்து தேவைதான்" என்றார். சேர்த்தது ஸ்பைரோனோலாக்டோன் 25. எனக்கு மறுப்பே இல்லை. ஏன் என்று தெரிந்தால் விழுங்குவதில் என்ன கஷ்டம்? பொட்டாசியம் ஏறக்கூடும் என்பதால் முதல் வாரமும் நாலாவது வாரமும் இரத்தச் சோதனை என்று தேதி போட்டுக் கொடுத்தார். "ஆம்பளைங்களுக்குச் சில பேருக்கு மார்பு கூசும், வீங்கும். வந்தா வெட்கப்பட்டுக்கிட்டு நீங்களா நிறுத்திடாதீங்க, என்கிட்ட சொல்லுங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். சொல்லாமல் விட்டு, அது வந்திருந்தால், நான் நிச்சயம் வெட்கப்பட்டுக்கொண்டு நிறுத்தியிருப்பேன். "போடுறேன் டாக்டர்" என்று சொல்லிக்கொண்டும் இருந்திருப்பேன்.

அம்லோடிபினும் லோசார்டனும் ஒரே மாத்திரைக்குள். இப்படிச் சேர்த்துச் செய்த பிரஷர் மாத்திரைகளை உலக சுகாதார நிறுவனம் 2019இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. 2021 வழிகாட்டுதலிலும் ஒரே மாத்திரையாகத் தருவதையே விரும்பத்தக்கது என்றது. உங்களில் சிலருக்கு இதில் தயக்கம் உண்டு, அளவைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்க முடியாது என்று. ஆரம்பத்தில் அது சரி. அளவு நிலைத்தபின் ஏன் தனித்தனி அட்டை? ராத்திரி போடுவதா காலையில் போடுவதா என்ற சண்டையும் வேண்டாம். பிரிட்டனில் 21,000க்கு மேற்பட்டவர்களை வைத்துப் பார்த்து 2022இல் வித்தியாசமில்லை என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு மறக்காத நேரம் பல் தேய்க்கிற நேரம். அதையே எழுதிக் கொடுத்துவிட்டார்.

கறாராக அழுத்தத்தை இறக்கும் ஆசை உங்களுக்கு இருப்பது எனக்குப் புரிகிறது. 2015இல் வந்த ஸ்பிரிண்ட் ஆய்வை நானும் தட்டுத்தடுமாறிப் படித்தேன். மேல் அழுத்தத்தை 120க்குக் கீழே வைத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறக்குறைய கால்வாசி குறைந்தன. அதற்கு அவர்களுக்குச் சராசரியாக மூன்று மருந்து வரை வேண்டியிருந்தது. அதே ஆய்வில் அந்த அணியில்தான் மயங்கி விழுந்ததும் சிறுநீரகம் சுணங்கியதும் அதிகம். கூட்டுவதற்குக் காரணமும் அதில் இருக்கிறது, நிற்க வைத்துப் பார்ப்பதற்குக் காரணமும் அதிலேயே இருக்கிறது.

நான் கேட்பது பெரிதல்ல. சீட்டில் மருந்தின் பெயர், அளவு, வேளை எழுதுகிறீர்கள். நாலாவதாக ஒன்று. 'பிரஷருக்கு, அம்லோடிபினோடு சேர்த்து.' 'கால் வீக்கத்துக்கு, ஒரு மாதம் மட்டும்.' 'பழைய டெல்மிசார்டன் 40க்குப் பதிலாக, அதை நிறுத்தவும்.' அவ்வளவுதான். இதை எழுதும்போது உங்கள் கையே ஒரு கணம் நிற்கும். 'கால் வீக்கத்துக்கு' என்று எழுதினால், வீக்கம் எதனால் என்ற கேள்வி பேனா முனையிலேயே வந்து உட்கார்ந்துவிடும். அடுத்து பார்க்கிற டாக்டருக்கும், மருந்துக் கடைக்காரருக்கும், என் பையைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுக்கிற வீட்டுக்காரிக்கும் அந்த வரி உதவும். உங்களுக்கு வெளியில் ஐம்பது பேர் காத்திருப்பது தெரியும். அந்த ஐம்பது பேரில் ஒருவனாக உட்கார்ந்து பழகியவன்தான் சொல்கிறேன், அந்த ஒரு வரிக்காக இன்னும் கொஞ்ச நேரம் காத்திருக்கலாம்.

இப்போது என் பையில் இருக்கிற சீட்டின் கடைசி வரி, அவர் கையெழுத்தில்: "வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் அன்றைக்கு மாத்திரை போடும் முன் எனக்குப் போன் செய்யவும். வலி மாத்திரை எதுவும் கேட்காமல் வேண்டாம்." அதற்குக் கீழே, விவரம் என்று நானே கோடு போட்டு, இன்று காலை அளவை எழுதியிருக்கிறேன். உட்கார்ந்து 126, நின்று 121. நேற்று ஒரு வேளை மறந்துவிட்டேன், அதையும் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
மூன்று மருந்து, இரண்டு மாத்திரைக்காரன்